பெட்ரோல் விலை ஏற்றத்துக்கு யார் காரணம்?

எண்ணெய்க் கம்பெனிகளா, அரசா, பங்க்காரர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் எங்களையும் சேர்த்துவிட்டதால்தான் எழுதுகிறேன். நான் கடலூரில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கேஷியர்.

நூறு ரூபாய்க்குப் போட்டும் முள் அசையவில்லையே என்று நீங்களும் நொந்துபோயிருப்பீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் லிட்டருக்கு எங்கள் முதலாளிக்கு நிற்பது நாலு ரூபாய் அளவுக்குக் கமிஷன். கரண்ட் பில், சம்பளம், ஆவியாகிப்போகும் நஷ்டம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். விலையையும் நாங்கள் வைப்பதில்லை. 2017 ஜூனிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்குக் கம்பெனி சொல்லும் விலைதான் மெஷினில் ஓடுகிறது.

2021 நவம்பரிலிருந்து நாலு மாதத்துக்கும் மேல் கம்பெனிகள் விலையைத் தொடவே இல்லை. நடுவில் உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல். அது முடிந்ததும் 2022 மார்ச் 22 முதல் பெரும்பாலும் 80 காசு, 80 காசாக ஏற்றி, இரண்டு வாரத்தில் 10 ரூபாய் ஏறிவிட்டது. அந்த நாட்களில் ஒரு காலையில் மொபெட்டில் வந்த பெரியவர், பம்ப்பில் நின்ற பெண்ணிடம் "அளவுல அடிக்கிறீங்க" என்று சத்தம் போட்டார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எழுந்துபோய், எடையளவுத் துறை முத்திரை போட்ட ஐந்து லிட்டர் குடுவையை எடுத்து அவர் கண் முன்னே அதில் பெட்ரோல் பிடித்துக் காட்டினேன். கழுத்தில் இருக்கும் கோட்டில் சரியாக நின்றது. "சரிப்பா, அளவு சரியாத்தான் இருக்கு. அப்ப காசு எங்கதான் போகுது?" என்றார்.

பெரிய பங்கு வரிக்குத்தான் போகிறது. இப்படிச் சொன்னதும் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. கச்சா எண்ணெயும் டாலரும் காரணமில்லை என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் 2020 ஏப்ரலில் கச்சா பேரல் 20 டாலருக்கு விழுந்ததே, நமக்கு என்ன குறைந்தது? அடுத்த மாதமே மத்திய அரசு பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் கலால் வரி ஏற்றியது. 2014ல் லிட்டருக்கு 9.48 ரூபாயாக இருந்த பெட்ரோல் வரி 32.98 ஆனது. அப்புறம் இரண்டு முறை குறைத்து 2022 மே மாதம் 19.90க்குக் கொண்டுவந்தார்கள். பழைய ஆட்சி எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் காசுக்குப் பதிலாகக் கொடுத்த பத்திரக் கடனை அடைக்கத்தான் இந்த வரி என்று ஒரு பதில் வரும். அந்தக் கடனின் அசல் சுமார் 1.3 லட்சம் கோடி. 2020-21ல் ஒரே வருடத்தில் எரிபொருள் கலால் வரியாக வந்தது சுமார் 3.7 லட்சம் கோடி.

மாநிலத்தையும் நான் விடமாட்டேன். ரெட்டிச்சாவடி தாண்டி முள்ளோடைக்குள் நுழைந்தால் புதுச்சேரி. அதே கம்பெனி பெட்ரோல் அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு 3 ரூபாய் குறைத்தது. புதுச்சேரி அப்போதும் குறைத்தது, நவம்பரில் மறுபடியும் 7 ரூபாய் குறைத்தது. வேன் டிரைவர்கள் எங்களிடம் வந்து, "அண்ணே, முள்ளோடை போய்ச் சேர்ற அளவுக்குப் போடுங்க" என்று இருநூறு ரூபாயை நீட்டுவார்கள். டேங்க்கை நிரப்புவது புதுச்சேரிப் பக்கம் இருக்கும் கன்னியக்கோயிலில். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவரும் பேச்சு வந்தாலே மத்திய அரசும் மாநிலங்களும் ஒன்றையொன்று கைகாட்டும். எய்தவர்கள் அங்கே இருக்க, திட்டு வாங்குவது பம்ப்பில் நிற்கும் பிள்ளைகள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். போனில் பணம் அனுப்பியதாகத் திரையைக் காட்டிவிட்டுக் கிளம்புகிறார்கள். கூட்ட நேரத்தில், பணம் வந்துவிட்டது என்று ஸ்பீக்கர் சொல்லும்வரை நிற்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். ஷிப்ட் முடியும்போது கணக்கில் குறையும் பணத்தை எங்கள் பங்க்கில் பம்ப்பில் நிற்கும் அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள். தயவுசெய்து அந்த ஒரு நிமிடம் நில்லுங்கள்.