ரோமா குடியிருப்புகள்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கிழக்கு ஸ்லோவாக்கியாவில் கோஷிட்சே நகரத்தைச் சுற்றியுள்ள ரோமா குடியிருப்புகளில் வீடு, தண்ணீர் சம்பந்தமான வேலைகளில் சில வருடம் இருந்தேன். அதைப் பற்றி இரண்டு வரி எழுதியதற்கே இத்தனை கேள்விகள். தெரிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, ரோமா என்றால் ஜிப்சிதானே? நம்ம நரிக்குறவர்களுக்கு உறவா?

ஜிப்சி என்பது வெளியார் வைத்த பெயர், எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தப்பாக நினைத்ததில் பிறந்தது. அங்கே 'சிகான்' என்றால் வசவு, ரோமா என்றே சொல்லுங்கள். சுமார் ஆயிரம் வருடம் முன்பு வட இந்தியாவிலிருந்து போனவர்களின் வழி வந்தவர்கள், தங்கள் ரோமானி மொழியில் தண்ணீரை இன்றைக்கும் 'பானி' என்கிறார்கள். நரிக்குறவர்களின் வாக்ரிபோலியும் இந்தோ ஆரிய மொழிதான், அதை வைத்து உறவு கொண்டாடிவிட முடியாது. அப்புறம், ரோமாக்கள் நாடோடிகளும் இல்லை. 1958ல் செக்கோஸ்லோவாக்கியா நாடோடி வாழ்க்கைக்குத் தடை போட்டபோதே பெரும்பாலானவர்கள் பல தலைமுறையாக ஒரே ஊரில் இருந்தவர்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடு, நிதி கொட்டுகிறது. பிறகு ஏன் வீட்டில் குழாய்த் தண்ணீர்கூட இல்லை?

பட்டா இல்லை, அதுதான். பல குடியிருப்புகள் நிற்பது வேறு யாருடைய நிலத்திலோ. ஒரு வயலுக்குப் பத்து இருபது வாரிசுகள், பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது, அவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்காமல் நிலம் கைமாறாது, நிலம் இல்லாமல் கட்டிட அனுமதி கிடையாது, அனுமதி இல்லாத வீட்டுக்குக் குழாய் இணைப்பு வராது. சில இடங்களில் சிப் அட்டையில் காசு ஏற்றி, பொது இயந்திரத்தில் தண்ணீர் பிடிக்கிறார்கள். நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டியது ஊர் நிர்வாகம், மேயருக்கோ ரோமா அல்லாதவர்களின் ஓட்டுகள் போய்விடுமோ என்ற பயம். 2009ல் ஓஸ்ட்ரோவானி என்ற ஊரில் குடியிருப்புக்கும் மற்ற வீடுகளுக்கும் நடுவே சுவரே எழுப்பினார்கள். சுவர் கட்ட மட்டும் காசு எங்கிருந்தோ வந்துவிடுகிறது பாருங்கள்.

வீடு கட்டிக் கொடுத்தாலும் நாசம் பண்ணிவிடுவார்கள் என்று சொல்கிறார்களே, லூனிக் 9 மாதிரி?

இதை என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. லூனிக் 9 கோஷிட்சேயில் உள்ள அடுக்குமாடிப் பகுதி, 2021 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் போய் வந்தாரே அது. ஆரம்பத்தில் ரோமாக்களோடு போலீஸ், ராணுவக் குடும்பங்களும் இருந்தன. அந்தக் குடும்பங்கள் கிளம்பிப் போக, நகரத்தின் மற்ற இடங்களிலிருந்து ரோமாக்களை அங்கேயே கொண்டுவந்து அடைத்தார்கள். வேலை இல்லை, வாடகை பாக்கி, இணைப்புகள் துண்டிப்பு. குடியிருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் செய்ததற்கு அவர்கள் தலையிலேயே பழி.

இதோடு ராங்கோவ்ட்சேயை வைத்துப் பாருங்கள், அதே கோஷிட்சே பக்கத்துச் சின்ன ஊர். அங்கே ஈடிபி என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு குடும்பங்கள் மாதாமாதம் சேமித்து, சின்னக் கடன் எடுத்து, முறைப்படி வாங்கிய மனையில் தங்கள் கையாலேயே வீடு கட்டின. மேஸ்திரி ஒருவர் கூட நின்று சொல்லிக் கொடுப்பார், சுவரை எழுப்புவது அவர்கள்தான். சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள், அனுமதிக்கும் சேமிப்புக்குமே வருடக்கணக்கில் ஆகும், நடுவில் விலகிப் போகிறவர்களும் உண்டு. ஆனாலும் எனக்கு நம்பிக்கை இந்த வழியில்தான்.

மேடம், மருத்துவ வசதி எப்படி?

குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்து சுகாதார இடையாளர்களாக வைக்கிறது அரசு. தடுப்பூசி நாளை ஞாபகப்படுத்துவது, கர்ப்பிணியை மருத்துவரிடம் கூட்டிப்போவது, மருத்துவர் சொன்னதை வீட்டு மொழியில் புரியவைப்பது அவர்கள் வேலை. நம்பிக்கையின்மைக்குக் காரணமும் இருக்கிறது: ரோமா பெண்களுக்கு முறையான சம்மதம் இல்லாமல் கருத்தடை அறுவை சிகிச்சை செய்ததற்காக ஸ்லோவாக்கிய அரசு மன்னிப்புக் கேட்டதே 2021ல்தான்.

பசங்க படிப்பு?

வீட்டில் ரோமானி பேசும் குழந்தையை ஸ்லோவாக்கில் சோதித்து, 'மந்தம்' என்று தனி வகுப்புக்கு அனுப்பும் பழக்கம் ரொம்ப காலமாக இருக்கிறது. பக்கத்து செக் நாட்டின் ஆஸ்ட்ராவா நகரக் குழந்தைகள் 18 பேர் இதே மாதிரி விஷயத்துக்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் போய், 2007ல் ஜெயித்தார்கள். தீர்ப்பு வந்தது, பழக்கம் முழுசாகப் போகவில்லை.

அடுத்த மாதம் வேலை விஷயமாக கோஷிட்சே போகிறேன். பழைய துணி ஏதாவது கொண்டு போகட்டுமா?

வேண்டாங்க. குழந்தைகளை போட்டோவும் எடுக்காதீர்கள். அங்கே வேலை பார்க்கும் யாராவது கூப்பிட்டால் மட்டும் போங்கள், போனால் 'லாச்சோ ஜிவெஸ்' என்று சொல்லுங்கள், நல்ல நாள் என்று அர்த்தம். அந்த 'ஜிவெஸ்' நம்ம 'திவசம்' வந்த அதே வேர்தான். நம்மூரில் அது வேறு மாதிரி நாளாகிவிட்டது, அதை மட்டும் அவர்களிடம் விளக்கப் போகாதீர்கள்.