நாலு நாள் கொளுத்தும் வெயில், நாளை மாலை கடும் இடிமழை என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் கூடாரம் போட்டு நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறோம். தள்ளிவைக்க வேண்டுமா?

தள்ளிவைக்க வேண்டாம், காலைக்கு மாற்றுங்கள். மாலையில் கூடாரத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் வெயில் கொளுத்தும் நாளைவிட அது முறியும் நாள்தான் ஆபத்து. வெப்ப அலை நீடிக்கும்வரை மேலே இருக்கும் உயர் அழுத்தம் காற்றைக் கீழ்நோக்கி அமுக்கும், மேகம் எழும்பாது. பானைக்கு மூடி போட்ட மாதிரி. தரையோ நாளுக்கு நாள் சூடேறிக்கொண்டே போகும். வடக்கிலிருந்தும் இந்தியப் பெருங்கடல் பக்கமிருந்தும் ஈரக்காற்று வந்து சேர, மேலடுக்கில் மேற்கிலிருந்து குளிர்ந்த காற்றும் நுழைந்துவிட்டால், அடைபட்டுக் கிடந்த சூடெல்லாம் ஒரே மாலையில் மேலே பாயும். நாம் இருப்பது கடல் மட்டத்துக்குமேல் 1,500 மீட்டரையும் தாண்டிய உயரத்தில். அதனால் ஆலங்கட்டி உருகி முடிவதற்குள் தரைக்கு வந்துவிடுகிறது. 2013 நவம்பர் 28 அன்று அடித்த ஆலங்கட்டி மழையில், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் கார்களும் கூரைகளும் என்ன பாடுபட்டன என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள்.

மதியம் இரண்டு மணிக்கு வானம் பளிச்சென்று இருக்கும். "எங்கே மழை?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நம்பாதீர்கள். தென்மேற்கில் மேகம் கறுத்து, அடியில் ஒரு பச்சைச் சாயல் தெரியும். புழுக்கம் சட்டென்று அறுந்து, மண்வாசனையோடு சில்லென்ற காற்று அடிக்கும். அப்புறம் நாற்காலிகளை மடக்கக்கூட நேரம் இருக்காது. தகரக் கூரையில் முதல் கல் விழும் சத்தம் கேட்கும்போது எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும்.

தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் எச்சரிக்கையில் நிறத்தோடு எண்ணையும் பாருங்கள். எவ்வளவு பாதிப்பு, எவ்வளவு வாய்ப்பு என்ற இரண்டையும் சேர்த்துத்தான் அந்த எண். ஆரஞ்சு என்றால் யோசிக்கவே வேண்டாம், மண்டபத்துக்கு மாறிவிடுங்கள்.

கூடாரம் மின்னலைத் தடுக்காது, மரத்தடி அதைவிட மோசம். மின்னிய 30 நொடிக்குள் இடி கேட்டால் எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வெளியே விடாதீர்கள். சமையல்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அடுப்பை விட்டு வர அவர்களுக்கு மனசு வராது.

தூரத்திலிருந்து வரும் உறவினர்களுக்கு இன்றே சொல்லிவிடுங்கள். 2016 நவம்பர் 9 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் யூக்ஸ்கே ஆறு பெருகியபோது நெடுஞ்சாலையிலேயே கார்கள் வெள்ளத்தில் சிக்கின, உயிர்களும் போயின. தண்ணீர் ஓடும் தரைப்பாலம் எதிர்ப்பட்டால் வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். தாம்பூலம் மாற்ற அரை மணி தாமதமானால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.