நியூரோசயின்ஸ் பிஎச்.டி.: கேள்வி பதில்

வணக்கம் மேடம். பி.இ. இசிஇ முடித்திருக்கிறேன். உயிரியலை பத்தாம் வகுப்போடு விட்டாச்சு. மூளை ஆராய்ச்சிக்கு வர வழி உண்டா?

தாராளமாக உண்டு. பெங்களூரு ஐஐஎஸ்சியின் நரம்பறிவியல் மையம் பொறியியல், இயற்பியல் படித்தவர்களையும் எடுக்கிறது. சிக்னல் பிராசஸிங் தெரிந்தவர்களை மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈஇஜி ஆய்வகங்கள் தேடுகின்றன. நேர்காணலில் முதலில் உங்கள் பாடத்தில்தான் குடைவார்கள்: ஃபூரியர், சாம்பிளிங், நிகழ்தகவு. உயிரியலில் நெர்ன்ஸ்ட் சமன்பாடாவது (ஓர் அயனி செல்லுக்கு உள்ளும் வெளியும் இருக்கும் அளவிலிருந்து அதன் சமநிலை மின்னழுத்தத்தைக் கணக்கிடுவது) கைவர வேண்டும். பொட்டாசியம் செல்லுக்குள் 140, வெளியே 4 மில்லிமோலார் என்றால், உடல் வெப்பத்தில் விடை சுமார் −95 மில்லிவோல்ட். பிறகு செல் சும்மா இருக்கும்போதைய ஓய்வு மின்னழுத்தம் ஏன் −70 பக்கம் நிற்கிறது என்பார்கள். சோடியம் கொஞ்சம் உள்ளே கசிவதால் என்று விளக்கத் தெரிந்தால் போதும். மானேசரில் உள்ள என்பிஆர்சி (தேசிய மூளை ஆராய்ச்சி மையம்), பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இரண்டையும் பட்டியலில் சேருங்கள். தகுதித் தேர்வு இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

உதவித்தொகையில் குடும்பத்தைச் சமாளிக்க முடியுமா?

2023 ஜனவரி முதல் அமலான விகிதப்படி ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனால் 42,000. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. முதல் தவணை தாமதமாகலாம். மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம் இல்லாமல் ஊர் மாறாதீர்கள்.

அமெரிக்காவுக்கு எம்.எஸ்சி. கட்டாயமா? பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

பெரும்பாலான இடங்களில் கட்டாயமில்லை. ஜிஆர்இ நுழைவுத் தேர்வையும் பல பல்கலைக்கழகங்கள் கைவிட்டுவிட்டன. கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் தொடக்கம், நேர்காணல் ஜனவரி, பிப்ரவரி. சேர்ந்த முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டுத்தான் கைடை முடிவு செய்வீர்கள். மொத்தம் ஐந்தாறு ஆண்டு.

கடிதம் மூன்று வேண்டும். துறைத்தலைவர் தரும் "ஒழுக்கமான, கடின உழைப்பாளி" கடிதத்துக்கு மதிப்பில்லை. நீங்கள் செய்த சோதனை என்ன, அது சொதப்பியபோது என்ன செய்தீர்கள் என்று எழுதக்கூடியவர், இளைய விஞ்ஞானியாக இருந்தாலும் அவரே மேல்.

பெரிய பெயர் உள்ள நிறுவனமா, நல்ல கைடா?

கைடு. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த ஐந்தாறு ஆண்டில் நீங்கள் கற்கும் முறைகளே பிறகு வேலை தரும். அவற்றை முடிவு செய்வது ஆய்வகம்தான். சேருமுன் இப்போதைய மாணவர்களோடு, படிப்பை முடித்துப் போனவர்கள், பாதியில் விலகியவர்கள் இருவரையும் தேடிப் பேசுங்கள். எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? முதல் ஆசிரியராகக் கட்டுரை வந்ததா? கைடு வாரம் எத்தனை முறை உட்கார்ந்து தரவைப் பார்க்கிறார்? உங்கள் திட்டத்துக்கான கருவி இன்று ஓடுகிறதா, "ஆர்டர் போட்டாச்சு" நிலையிலா? விலங்குச் சோதனை என்றால் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் இருக்கிறதா? அது வராமல் ஓர் எலியைக்கூடத் தொட முடியாது. அந்தக் காத்திருப்பு உங்கள் ஃபெலோஷிப் காலத்தைத்தான் தின்னும். கேள்விகளுக்கு மாணவர்கள் மழுப்பினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். பேட்ச் கிளாம்ப் (நுண்ணிய கண்ணாடிப் பைப்பெட்டால் ஒரு செல்லின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வது) செய்ய வெட்டும் மூளைத் துண்டுகளில் செல்கள் செத்தே கிடக்கின்றன. வளர்ந்த சுண்டெலி, 300 மைக்ரான்.

வளர்ந்த விலங்கில் இது எல்லோருக்கும் வரும் தொல்லை. முதலில் துண்டுகளை வைக்கும் கரைசலைப் பாருங்கள். 95 சதவீத ஆக்சிஜன், 5 சதவீத கார்பன் டைஆக்சைடு கலவையைக் குமிழியிட்ட பிறகே கால்சியம் சேர்க்க வேண்டும்; முன்பே சேர்த்தால் காரத்தன்மை ஏறிக் கால்சியம் வெண்மையாகப் படியும், செல்லுக்குக் கிடைக்காது. ஆஸ்மோலாரிட்டி (கரைந்திருக்கும் துகள்களின் செறிவு) 300 முதல் 310 மில்லிஆஸ்மோல் வரை. பைப்பெட்டின் உள்கரைசல் அதைவிட 10 மில்லிஆஸ்மோல் அளவு குறைவாக இருக்கட்டும்.

அடுத்து, தலையை எடுத்த பின் குளிர்விப்பது வளர்ந்த விலங்குக்குப் போதாது. மயக்க மருந்து கொடுத்து, இதயம் வழியாகப் பனிக்குளிர் வெட்டுக்கரைசலை ஏற்றுங்கள். அந்தக் கரைசலில் சோடியத்துக்குப் பதில் சுக்ரோஸ் அல்லது என்எம்டிஜி (சோடியத்துக்கு மாற்றாகப் போடும் பெரிய அயனி) இருந்தால் செல்கள் வீங்குவது குறையும். துண்டு வெட்டும் வைப்ரடோம் கருவியின் பிளேடு மேலும் கீழும் ஆடினால் மேற்பரப்பு செல்கள் மொத்தமும் போய்விடும். செங்குத்து ஆட்டம் 1 மைக்ரானுக்குள் நிற்க வேண்டும். வெட்டியபின் 32–34 டிகிரியில் தேறவிட்டு, அறை வெப்பத்துக்கு மாற்றுங்கள். உட்கரு பளிச்சென்று தெரியும் உப்பிய செல்லைத் தொடாதீர்கள். வழவழப்பான, மங்கலான ஓரமுள்ளதே உயிரோடு இருப்பது.

மூன்று எலிகளில் 60 செல் பதிவு செய்தேன். கட்டுரையை மதிப்பிடும் ரிவ்யூவர் "உங்கள் மாதிரி எண்ணிக்கை (n) 60 அல்ல" என்கிறார்.

அவர் சொல்வது சரி. ஒரே எலியின் செல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். 60ஐயும் தனித்தனியாக எண்ணி டி-டெஸ்ட் (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) போட்டால் இல்லாத வித்தியாசமும் இருப்பதாகக் காட்டும். எலியை ரேண்டம் காரணியாக வைத்து மிக்ஸ்டு மாடல் (எந்தச் செல் எந்த எலியுடையது என்பதையும் கணக்கில் எடுக்கும் புள்ளியியல் முறை) போடலாம். ஆனால் மூன்று எலிகள் அதற்கும் குறைவு. செல்களைக் கூட்டாமல் எலிகளைக் கூட்டுங்கள். எத்தனை வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, நெறிமுறைக் குழு அனுமதித்த எண்ணிக்கைக்குள் அது வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பதிவைத் தொடங்குங்கள்.