காசில் இருந்த வெள்ளி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நான் ஈப்போவில் இருக்கிறேன். நாங்கள் மலேசியப் பணமான ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறோம். நோட்டில் ஏது வெள்ளி?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. உங்கள் நாட்டுத் துறைமுகங்களில் நெடுங்காலம் புழங்கியது ஸ்பானிய எட்டு ரியால் காசு. ஏறத்தாழ 27 கிராம் எடை. பெருவிலும் மெக்சிகோவிலும் தோண்டிய வெள்ளி, 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்குக் கப்பல் கப்பலாக வந்து ஆசியா முழுக்கப் பரவியது. காசின் ஓரத்தைச் சுரண்டி வெள்ளியைத் திருடுகிறவர்கள் எப்போதும் உண்டு. அதனால் பிற்பாடு ஓரத்தில் வேலைப்பாடு வைத்து அடித்தார்கள். விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். சுரண்டிய இடம் மட்டும் வழவழவென்று காட்டிக் கொடுத்துவிடும். மலாயில் ‘ரிங்கிட்’ என்றால் பல் பல்லாக இருப்பது. மலாய்க்காரர்கள் ஓரத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நம்மவர்கள் உலோகத்தைப் பார்த்து வைத்தார்கள். காசு ஒன்றுதான்.

கேள்வி: டாலர் குறி ‘யு’வும் ‘எஸ்’ஸும் சேர்ந்தது என்று படித்தேன். சரியா அண்ணா?

பதில்: இல்லை தம்பி. அமெரிக்கா 1792-இல் தன் டாலரைச் சட்டமாக்கும் முன்பே இந்தக் குறி வணிகர்களின் எழுத்தில் வந்துவிட்டது. அதே ஸ்பானியக் காசைத்தான் டாலர் என்றார்கள், அதற்குப் ‘பெசோ’ என்றும் பெயர். பன்மையில் ‘பெசோஸ்’ என்பதைச் சுருக்கி, ஒரு ‘பி’ போட்டு அதன் தலைமாட்டில் சின்ன ‘எஸ்’ எழுதுவார்கள். ஒரு தாளில் வேகமாகப் பத்து முறை எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ‘பி’யின் வளைவு கரைந்து, கோடு மட்டும் ‘எஸ்’ஸின் குறுக்கே நிற்கும். காசில் பொறித்திருந்த இரண்டு தூண்களிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். பழைய கையெழுத்துகளைப் பார்த்தபின் நான் ‘பெசோ’ பக்கம்தான். அந்த ஸ்பானியக் காசு அமெரிக்காவில் 1857 வரை சட்டப்படி செல்லுபடியானது.

கேள்வி: பவுண்டுக்கு ஏன் ‘எல்’ போன்ற குறி?

பதில்: ‘லிப்ரா’ என்ற ரோமானிய எடையின் முதல் எழுத்து. ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 பென்னி என்பது பழைய கணக்கு. நகைக்கடையில் நாம் கேட்கும் ‘பவுன்’ இதே சொல்தான்.

கேள்வி: நம் ரூபாய்க் குறியை வரைந்தவர் தமிழரா?

பதில்: ஆமாம், உதயகுமார். தேவநாகரி ‘ர’வையும் ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் இணைத்த அந்த வடிவத்தை 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றது. ஆனால் தமிழில் ௹ என்ற குறி அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு, யூனிகோடிலும் இருக்கிறது. இதை நாம் மறந்துவிட்டது எனக்கு வருத்தம்தான்.

கேள்வி: பாட்டியின் பெட்டியில் 1918-ஆம் வருட ஒரு ரூபாய் கிடைத்தது. உண்மையில் வெள்ளியா?

பதில்: நல்ல காசாக இருந்தால் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எடை 11.66 கிராம், பழைய எடைக் கணக்கில் சரியாக ஒரு தோலா. நாட்டு மருந்துச் செய்முறைகளில் வரும் ‘ரூபாய் எடை’ இந்தக் காசின் எடைதான். போரின்போது, 1940-இல், வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-இல் வந்தது நிக்கல் ரூபாய். காந்தத்தை வையுங்கள். நிக்கல் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. ஒட்டவில்லை என்றால் தராசில் நிறுத்துப் பாருங்கள். அப்புறம், தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்தக் கறுப்பு அப்படியே இருக்கட்டும்.