மாமியார் பயப்பட வேண்டியது வேறு மாத்திரைக்கு

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறோம். நான்காம் வகுப்பு படிக்கும் மகனுக்குக் கவனக்குறைவுக் கோளாறு என்று மெத்தில்ஃபெனிடேட் கொடுத்திருக்கிறார்கள். பகல் முழுவதும் வேலை செய்யும் வகை. சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருகிறது. “போதை மாத்திரை, நிறுத்து” என்கிறார் மாமியார். எனக்கும் படபடப்புக்காக மூன்று மாதமாகக் காலையில் எஸ்சிட்டலோபிராம், இரவில் குளோனசெபாம். கோடை விடுமுறையில் இருவரும் நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: உங்கள் மாமியாரின் பயம் நியாயமானது; விழுந்த இடம்தான் தவறு.

மகனுடைய மருந்து 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். பல கடைகளில் அது கிடைக்காததற்கும் அதுவே காரணம். நீங்கள் இரவில் போடும் குளோனசெபாமும் அதே சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்!

மருத்துவர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் கொடுத்தால் பையன் அடிமையாகிவிடுவான் என்று அஞ்ச வேண்டாம். பசி மந்தப்படுவது உண்மை. மருந்து உச்சத்தில் இருக்கும் மதிய வேளையில் தயிர்சாதம் இறங்காது. அதற்காக அவனைத் திட்டாதீர்கள். மாத்திரைக்கு முன்பே களியும் குழம்பும், கூடவே ஒரு முட்டையும் கொடுத்துவிடுங்கள். மருந்தின் வேகம் அடங்கும் மாலையில் தானாகவே அடுப்படிக்கு வருவான். மாதம் ஒருமுறை ஒரே எடைக்கருவியில் நிறுத்துக் குறித்து வையுங்கள். உயரத்தையும் அவ்வப்போது அளந்து எழுதுங்கள். எடை இறங்கினால் அளவையோ மருந்தையோ மாற்றலாம். இந்த மருந்துக்கு விடுமுறையில் இடைவெளி விடும் வழக்கமும் உண்டு. அவனுக்கு அது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் கதை வேறு. மூன்று மாதம் தினமும் போட்ட குளோனசெபாமுக்கு உடம்பு பழகியிருக்கும். சட்டென்று விட்டால் தூக்கம் போய்விடும், படபடப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும், சிலருக்கு வலிப்பே வரும். வாரக்கணக்கில் சிறுகச் சிறுகத்தான் குறைக்க வேண்டும். எஸ்சிட்டலோபிராம் பழக்க மருந்து அல்ல. ஆனாலும் திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், தலைக்குள் மின்சாரம் வெட்டுவதுபோல் இருக்கும். குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் அதைத் தொடர்வதே முறை.

அடுத்த முறை போகும்போது உங்கள் சீட்டையும் கொண்டுபோய், “குளோனசெபாமை எந்த வாரம், எவ்வளவு குறைக்கட்டும்?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதுவரை இரவு மாத்திரையை ஒரு நாளும் நீங்களாக விடாதீர்கள். இடையில் சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.