பழைய ஷாம்பெயின்: கேள்வி பதில்

ஷாம்பெயின் என்னும் நுரைக்கும் பிரெஞ்சு ஒயின் பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்கு, பயணிகள் கப்பல்களில் ஒயின் பரிமாறும் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்று, இப்போது நாகர்கோவிலில் வசிக்கும் ஒருவர் பதிலளிக்கிறார்.

குளச்சல் வாசகர்: கப்பல் வேலையிலிருந்த அண்ணன் கொண்டுவந்து, துணி அலமாரியில் வைத்து மறந்துபோன பாட்டில் ஒன்று அகப்பட்டது. ஒட்டுச்சீட்டில் ‘சலோன், லெ மெனில், 1996’ என்றிருக்கிறது. அரிய பொருளா, ஐயா?

அரியதுதான். பிரான்சில் எப்பர்னே நகருக்குத் தெற்கே, சுண்ணாம்புப் பாறைச் சரிவில் இருக்கும் லெ மெனில் சுர் ஓஜே என்ற ஒரே ஊரின் ஷார்டனே திராட்சையைத் தவிர வேறெதையும் சலோன் என்ற இந்த ஷாம்பெயின் நிறுவனம் தொடுவதில்லை. விளைச்சல் திருப்தி தராத ஆண்டில் இப்பெயரில் ஒயினே வெளிவராது. இருபதாம் நூற்றாண்டு முழுவதிலும் 37 ஆண்டுகளின் ஒயின் மட்டுமே வெளிவந்தது. பழத்தில் இனிப்பு ஏற ஏறப் புளிப்பு இறங்குவதே வழக்கம்; 1996இல் இரண்டும் ஒருசேர உயர்ந்து நின்றன. அந்தப் புளிப்பு இருப்பதால்தான் அவ்வாண்டு ஒயின் நெடுநாள் தாங்குகிறது. ஆனால் உங்கள் பாட்டில் எங்கே இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

மார்த்தாண்டம் வாசகர்: பாட்டிலுக்குள் இத்தனை ஆண்டுகள் என்னதான் நடக்கிறது? நம் ஊர்க் கள்ளும் நுரைக்கத்தானே செய்தது?

கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி (பதநீர்), தடவாவிட்டால் கள் என்பது இம்மாவட்டத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் கலயம் திறந்திருப்பதால் கரியமில வாயு காற்றோடு போய்விடும். ஷாம்பெயினிலோ, ஒருமுறை நொதித்து முடிந்த ஒயினில் லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, பாட்டிலை இறுக மூடிவிடுகிறார்கள். வாயு வெளியேற வழியின்றி ஒயினிலேயே கரைந்து, உள்ளே ஏறத்தாழ ஆறு வளிமண்டல அழுத்தம் உண்டாகிறது. மடிந்த ஈஸ்ட் வண்டலாகப் படிந்து, மெல்லச் சிதைந்து, ரொட்டி மணத்தையும் வறுத்த கொட்டை மணத்தையும் தருவதோடு, ஆக்சிஜனை உறிஞ்சி ஒயினைக் காத்தும் நிற்கிறது. ஆண்டு குறித்த ஷாம்பெயினுக்குச் சட்டம் கேட்பது 3 ஆண்டுகள்தான். சலோன் நிலவறையில் பத்தாண்டு அளவில் காத்திருக்கிறது. பிறகு பாட்டிலைத் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்கு இறக்கி, கழுத்தை மட்டும் உறையவைத்து, பனிக்கட்டியோடு சேர்த்து அதை வெளியேற்றித் தக்கை அடைக்கிறார்கள். அன்றோடு ஈஸ்டின் காவல் முடிகிறது. ஆகவே அறுவடை ஆண்டைவிட வண்டல் நீக்கிய தேதியே முக்கியம் என்பது என் கருத்து. சில நிறுவனங்கள் அதைப் பின்பக்க ஒட்டுச்சீட்டில் அச்சிடுகின்றன. விற்பவர்கள் பெரும்பாலும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

தக்கலை வாசகர்: நம் ஊர்ச் சூட்டில் அது கெட்டிருக்காதா?

கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சுண்ணாம்பு நிலவறைகளில் ஆண்டு முழுவதும் 10 முதல் 12 டிகிரி வெப்பமே இருக்கும். பங்குனி, சித்திரையில் நம் வீட்டு அலமாரி 30 டிகிரியைத் தாண்டிவிடும். பாட்டிலின் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒயின் மட்டம் கழுத்திலிருந்து நன்றாக இறங்கியிருந்தாலோ, கழுத்துத் தாளுக்கு அடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ தக்கை கசிந்திருக்கிறது. பொன்னிறமாகத் தெரிந்தால் நம்பலாம். கட்டன் சாயா நிறமானால் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: நல்ல விலைக்கு விற்றுவிடலாமே?

உரிமமின்றி மது விற்பது இங்கே குற்றம். தவிர, பராமரிப்பு வரலாறு தெரியாத பாட்டிலை விவரமறிந்தவர் எவரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார்.

குளச்சல் வாசகர்: அப்படியானால் எப்படித் திறப்பது?

சில மணி நேரம் ஃபிரிட்ஜில் குளிரவைத்து, பரிமாறும்போது 10 முதல் 12 டிகிரிக்கு வரவிடுங்கள். அதைவிடக் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். தக்கையை அழுத்திப் பிடித்தபடி பாட்டிலைத்தான் மெல்லத் திருப்ப வேண்டும். பழைய தக்கை முறுக்கினால் ஒடிந்துவிடும். தக்கையின் அடிப்பகுதி விரியாமல் ஆணிபோல ஒடுங்கியிருந்தாலோ, நுரை குறைவாக இருந்தாலோ உடனே ஊற்றிக் களைந்துவிடாதீர்கள். குமிழி ஓய்ந்த பிறகும் ஒயின் சுவையாக இருப்பதுண்டு. ஒடுங்கிய உயரக் கிளாசைத் தவிர்த்து, வயிறு அகன்ற கிளாசில் ஊற்றுங்கள். மிளகாய் காரம் இதை முற்றிலும் மறைத்துவிடும். உப்பும் மஞ்சளும் மட்டும் தடவி வறுத்த நெய்மீன் துண்டு போதும்.