பட்டன் கேட்டால் ஏன் மறுக்கிறார்கள்? கட்டற்ற மென்பொருள் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், கோட் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்) பயன்படுத்தும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஏறக்குறைய எல்லாருக்கும் ஒரே மனத்தாங்கல்தான்: புது வசதி கேட்டால் தருவதில்லை, இருந்த வசதியையும் எடுத்துவிடுகிறார்கள். தமிழ் மொழிபெயர்ப்பு வழியாக இந்தத் திட்டங்களுக்குள் போனவன் நான். கேட்பவர்கள் பக்கமும் மறுப்பவர்கள் பக்கமும் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

பாலக்கோட்டில் டிடிபி கடை நடத்துபவர்: அண்ணா, கடையில் படம் திருத்த ஜிம்ப்தான் ஓடுகிறது. ஜேபெக் படத்தைத் திருத்திவிட்டு கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் தன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஆகத்தான் சேமிப்பேன் என்கிறது. கஸ்டமர் எதிரிலேயே நிற்கிறார். பழையபடி நேராகச் சேமிக்க ஒரு செட்டிங் வைத்தால் என்ன?

2012 மே மாதம் வந்த 2.8 பதிப்பில் செய்த மாற்றம் இது. அன்றிலிருந்து இதற்கு எதிர்ப்பு ஓயவே இல்லை. ஜிம்ப் குழுவின் காரணத்தை உங்கள் கடை வேலையிலேயே பார்க்கலாம். கல்யாண பேனர் ஒன்று செய்கிறீர்கள். பின்னணி ஒரு லேயர் (அடுக்கு), மணமக்கள் படம் ஒன்று, பெயர்கள் ஒன்று. அதை ஜேபெக்காக மட்டும் சேமித்து மூடிவிட்டால் எல்லாம் ஒட்டி ஒரே படமாகிவிடும். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்து "பெயருக்குப் பின்னால் பி.இ. போடணும்" என்றால் முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். அதனால் சேமிப்பது என்றால் லேயரோடு சேமிப்பது, மற்றதெல்லாம் ஏற்றுமதி என்று பிரித்துவிட்டார்கள்.

பேனர் வேலைக்கு இது சரி. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வெட்டி உடனே பிரின்ட் எடுக்கும் வேலைக்கு இது தொல்லைதான், அதை நான் மறுக்கமாட்டேன். ஜிம்ப் குழு முதல் வகை வேலையை மனதில் வைத்துத்தான் முடிவெடுத்தது. உங்களுக்கு வழி இருக்கிறது: திறந்த ஜேபெக்கின் மேலேயே எழுதும் கட்டளை கோப்பு மெனுவில் உண்டு. திருத்து மெனுவில் விசைக் குறுக்குவழிகளைத் திறந்து, அந்தக் கட்டளைக்குக் காலியாக உள்ள ஒரு விசையைக் கொடுங்கள். கன்ட்ரோல் எஸ்ஸையே அதற்குக் கொடுக்காதீர்கள், அவசரத்தில் ஒரு நாள் பேனரின் லேயர்கள் போய்விடும்.

பர்கூரில் பொறியியல் படிக்கும் மாணவர்: சார், ஒரு திட்டத்துக்கு நானே கோட் எழுதி, செட்டிங்கில் ஒரு டிக் பெட்டி சேர்த்து அனுப்பினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்று மூடிவிட்டார்கள். இலவசமாக உழைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள என்ன கஷ்டம்?

தம்பி, ஓட்டிப் பார்க்காமல் மூடியது மரியாதை இல்லைதான். காரணத்தை இரண்டு வரியாவது எழுதியிருக்க வேண்டும். ஆனால் கோட் எழுதுவது இதில் சின்னப் பங்குதான் என்பதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆன், ஆஃப் என்று இரண்டே நிலை உள்ள செட்டிங் பத்து இருந்தால், அந்த மென்பொருள் 1024 விதமாக ஓடலாம். பதினொன்றாவதைச் சேர்த்தால் 2048. எந்தச் சேர்க்கையில் எது உடையும் என்று யாராலும் முழுதாகச் சோதிக்க முடியாது. அப்புறம் அந்த டிக் பெட்டிக்கு ஒரு வாசகம் வேண்டும், அது எல்லா மொழிக்கும் போக வேண்டும். பார்வையற்றவர் திரைவாசிப்பானோடு பயன்படுத்தும்போது அது சரியாகப் படிக்கப்பட வேண்டும். உதவிப் பக்கத்தில் படங்களை மாற்ற வேண்டும். நீங்கள் படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகு அதில் பிழை வந்தால் இன்னொருவர் தலையில் விழும். லினக்ஸ் கணினிகளில் டெஸ்க்டாப்பாக ஓடும் க்னோம் திட்டத்தில் இருந்த ஹேவக் பென்னிங்டன் 2002-லேயே ஒரு கட்டுரையில் இதை எழுதினார்: ஒவ்வொரு விருப்பத்தேர்வுக்கும் ஒரு விலை உண்டு, கருத்து வேறுபாட்டை ஒரு செட்டிங் வைத்து மூடிவிடுவது தீர்வல்ல என்பதுதான் சாரம். இன்றும் பல பராமரிப்பாளர்கள் (எந்த மாற்றத்தை ஏற்பது என்று முடிவெடுப்பவர்கள்) உங்கள் பேட்சை, அதாவது நீங்கள் அனுப்பும் கோட் மாற்றத்தை, பார்க்கும் கண் அதுதான்.

அடுத்த முறை கோடோடு போகாதீர்கள். முதலில் திட்டத்தின் தளத்தில் இஷ்யூ (பிழை, கோரிக்கைப் பதிவு) ஒன்றைத் திறந்து வேலையைச் சொல்லுங்கள்: "நான் தினமும் இன்னது செய்கிறேன், அதற்கு ஆறு கிளிக் ஆகிறது, மூன்றாவது இடத்தில் தடுமாறுகிறேன்." ஸ்கிரீன்ஷாட் இணையுங்கள். தீர்வு என்ன என்பதை அங்கேயே பேசட்டும். பல நேரம் புது செட்டிங் இல்லாமலே, இருப்பதை ஒழுங்குபடுத்தினாலே வேலை முடிந்துவிடும். அந்தப் பேச்சில் ஒத்துக்கொண்டதற்கு நீங்கள் கோட் எழுதினால் அநேகமாக ஏற்பார்கள். திருப்பி அனுப்பிய பேட்ச் வீண் என்று நினைக்காதீர்கள், அந்தக் கோடைப் படித்த அறிவு உங்களிடம்தான் இருக்கிறது.

ஓசூரில் ஐடி வேலை பார்ப்பவர்: க்னோமில் கோப்பு தேர்வு செய்யும் பெட்டியில் படங்களின் சிறுவடிவம் வர எத்தனை வருடம் ஆனது தெரியுமா? பிடிவாதம் தவிர வேறு என்ன?

தெரியும். 2004-ல் கேட்டது, நம் கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே ஆண்டு. 2022 கடைசியில்தான் கோடில் சேர்ந்தது, 2023 மார்ச்சில், க்னோமின் சன்னல்களும் பட்டன்களும் கட்டப்படும் கருவித்தொகுப்பான ஜிடிகே-யின் 4.10 பதிப்போடு வெளிவந்தது. மின்னஞ்சலில் படம் இணைக்கும்போது வெறும் கோப்புப் பெயர்களை வைத்துத் தேடியவர்களின் எரிச்சல் நியாயமானது. ஆனால் வசதியே வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள ஃபோல்டரையும் கட்டமாகக் காட்டி வேகமாக ஓட, அடியில் இருந்த பட்டியல் பாகத்தையே மாற்ற வேண்டியிருந்தது. அது ஜிடிகே 4-ல்தான் வந்தது. நடுவில் சிலர் பேட்ச் போட்டார்கள், முடிக்க உட்கார ஆள் இல்லை. கேட்கிறவர் ஆயிரம் பேர், செய்கிறவர் ஒருவர் இருவர் என்ற நிலையில் ஒரு வேலை இப்படித்தான் இழுக்கும்.

தருமபுரி அருகே அரசுப் பள்ளி ஆசிரியர்: ஐயா, பிள்ளைகளுக்கு ஒரு வழியாகப் பட்டன் எங்கே இருக்கிறது என்று பழக்கினால், அடுத்த அப்டேட்டில் இடம் மாறிவிடுகிறது. யார் கேட்டார்கள் இந்த மாற்றத்தை?

இந்தக் கேள்வியில் நான் முழுதும் உங்கள் பக்கம். கை பழகியதை மாற்றுவது சின்ன விஷயமில்லை, ஒரு கணினிக்கு மூன்று பிள்ளைகள் உட்காரும் ஆய்வகத்தில் இன்னும் கஷ்டம். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது கீழ்ப்பட்டையும் சன்னலைச் சிறிதாக்கும் பட்டனும் காணாமல் போயின. உலகம் முழுக்கச் சண்டை. அந்தக் கோபத்தில்தான் மாட்டே, சின்னமன் என்ற மாற்று டெஸ்க்டாப்புகள் பிறந்தன.

இதையே நல்லபடியாகச் செய்தவர்களும் உண்டு. முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரில் பல ஆண்டுகளாக வலது கிளிக்கில்தான் பொருளைத் தேர்வு செய்ய வேண்டும். 2019 ஜூலையில் வந்த 2.80-ல் இடது கிளிக்குக்கு மாறினார்கள், ஆனால் முதல் முறை திறக்கும்போதே எது வேண்டும் என்று கேட்டார்கள். அலுவலக மென்பொருளான லிப்ரேஆபிஸ் 2019-ல் 6.2 பதிப்பில் தாவல் வடிவ டூல்பாரைக் கொண்டுவந்தது, பழையதை எடுக்கவில்லை. காட்சி மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் பராமரிப்பது அவர்களுக்கு இரட்டை வேலை, இருந்தும் செய்கிறார்கள்.

ஆய்வகத்துக்கு உபுண்டு என்ற லினக்ஸின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்பைப் போடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒன்று வரும், ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். ஃபயர்பாக்ஸ் உலாவியிலும் அப்படி நீண்ட ஆதரவுள்ள இஎஸ்ஆர் பதிப்பு வையுங்கள், பெரிய மாற்றம் வருடத்துக்கு ஒரு முறைதான். கோடை விடுமுறையில் மட்டும் அப்டேட் செய்தால் நடுவருடத்தில் பட்டன் இடம் மாறாது.

அரூரிலிருந்து: பிடிக்கவில்லை என்றால் ஃபோர்க் செய்துகொள் என்கிறார்களே, செய்துவிடலாமா?

ஃபோர்க் என்றால் கோட் முழுவதையும் நகலெடுத்துத் தனித் திட்டமாக நடத்துவது. அதற்கு உரிமை இருக்கிறது. 2008-ல் பிட்ஜின் என்ற அரட்டை மென்பொருளின் 2.4 பதிப்பு, தட்டச்சுப் பெட்டியின் உயரத்தை நாமே இழுத்து மாற்றுவதை எடுத்துவிட்டு, தானாக வளரும்படி செய்தது. அதற்காகவே ஃபன்பிட்ஜின் என்று ஒரு ஃபோர்க் வந்தது, பிறகு கேரியர் என்று பெயர் மாறியது, பிறகு நின்றுபோனது. மாட்டே இன்றும் இருக்கிறது, ஏனென்றால் கோபம் ஆறிய பிறகும் கோட் எழுத ஆட்கள் தங்கினார்கள். உங்களோடு அப்படி யார் தங்குவார்கள் என்று பெயர் பெயராக எழுதிப் பாருங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து: லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே க்னோமைத் திட்டியிருக்கிறார். நாமும் காட்டமாகப் பேசினால்தானே கேட்பார்கள்?

2005 டிசம்பரில் திட்டினார், இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ-க்கு மாறுங்கள் என்றும் சொன்னார். அதோடு நிற்கவில்லை: 2007-ல் மவுஸ் பட்டன்களை விருப்பப்படி அமைக்கும் பேட்ச்களை எழுதி அதே க்னோமுக்கு அனுப்பினார். நாம் பின்பற்ற வேண்டியது அந்த இரண்டாவதை. கடுமையாகப் பேசும் பழக்கத்துக்காக 2018-ல் அவரே மன்னிப்புக் கேட்டார். எதிரில் இருப்பவர் வேலை முடித்து இரவில் உட்கார்ந்து இதைச் செய்பவர். நாலு பேர் திட்டினால் அவர் திட்டத்தையே விட்டுப் போவார், அப்புறம் பட்டனும் இல்லை, மென்பொருளும் இல்லை.

காவேரிப்பட்டணத்திலிருந்து: பணம் கொடுத்தால் சேர்ப்பார்களா?

எழுத ஆள் வைக்கலாம். ஏற்பதா வேண்டாமா என்பது அப்போதும் பராமரிப்பாளர் கையில்தான். அவர் சம்மதத்தைப் பெற்ற பிறகு பணத்தைக் கொடுங்கள்.

பென்னாகரத்திலிருந்து: எனக்கு இங்கிலீஷ் சரளமாக வராது. தமிழில் மெனு வைத்தால் எழுத்துகள் வெட்டுப்படுகின்றன. இதைச் சொன்னால் என்னையும் விரட்டுவார்களா?

மாட்டார்கள். நீங்கள் கேட்பது புது வசதியே அல்ல, பிழைத்திருத்தம். பட்டனின் உயரத்தை ஆங்கில எழுத்தை வைத்தே அளந்தால் ழ, ஞ போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி போய்விடும், நீளமான வாசகம் பாதியில் நிற்கும். இதில் யாரும் கொள்கை பேச முடியாது, படத்தைப் பார்த்தால் ஒப்புக்கொள்வார்கள். தமிழில் எழுதி இயந்திர மொழிபெயர்ப்பில் மாற்றி அனுப்புங்கள், அப்படி மாற்றியது என்று முதல் வரியில் சொல்லிவிடுங்கள். வெட்டுப்பட்ட இடத்தை வட்டமிட்ட ஸ்கிரீன்ஷாட், மென்பொருளின் பதிப்பு எண், எழுத்துரு பெயர், எழுத்து அளவு, இந்த நான்கும் இருந்தால் போதும். அதே பட்டன் ஆங்கிலத்தில் எப்படித் தெரிகிறது என்பதற்கும் ஒரு படம் சேர்த்து அனுப்புங்கள்.